செவ்வாய் கிட்டே வந்த ஆடி மாதம்

முதல் ஒரு மாதம் நான் தப்பான நட்சத்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எழுபத்தொன்றாம் வருடம். எனக்கு இருபத்தேழு வயது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அந்த வயதுவரை ஒருத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் அவளுக்கு வலிப்பு இருக்கிறதா, காது கேட்காதா என்று விசாரிப்பார்கள். எனக்கு அதெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது செவ்வாய் தோஷம். ஜாதகக் கட்டத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. பெண்ணுக்கு எட்டாம் வீடு தாலியின் வீடு. அங்கே செவ்வாய் இருந்தால் தாலி கட்டுகிறவன் சீக்கிரம் செத்துப்போவான் என்பது எல்லாரும் நம்பிய கணக்கு. அதே தோஷம் உள்ள ஆணைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தால் இரண்டும் நேராகிவிடும் என்பது அதற்கு அவர்களே கண்டுபிடித்த மருந்து.

ஏழு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். உட்கார்ந்து பசியாறினார்கள். ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஜாதகம் மட்டும் திரும்பி வந்தது. ஏழு முறை போய்வந்த அந்தக் காகிதம் மடிப்பில் கிழிந்துபோய், அம்மா அதைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்.

எட்டாவது ஆளை யாரும் பார்த்து வைக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கொழுந்து லோரியை ஓட்டியவர் அவர். நிறுவைக் கொட்டகையில் என் கூடையை நிறுக்கும்வரை லோரியின் முன்மூடியைத் திறந்து எதையோ பழுது பார்ப்பதாகப் பாவனை செய்வார். அந்த லோரிக்கு இரண்டு வருடமாக ஒரு கோளாறும் இல்லை என்று கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். "லோரிக்கு இல்லலா, டிரைவருக்குத்தான் கோளாறு" என்று பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் சிரித்த இரண்டு வருடம் அது.

அவருடைய அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்கு இருக்கறது ஒரே புள்ளம்மா. விட்டுரு."

வயதில் மூத்த ஒரு பெண்பிள்ளை என் முன்னால் கும்பிட்டு நிற்கிறார், நான் அவர் மகனைக் கொல்லாமல் இருக்க வேண்டும் என்று. அன்று நான் சாப்பிடவில்லை.

லோரிக்காரர் அசரவில்லை. "ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் தாப்பாவுக்குப் போயி ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். வெடியக்கால ரிங்லெட்டுக்கு வந்துரு, மொத பஸ்ஸுக்கு நான் நிப்பேன். வந்து ஏறு, அது போதும்" என்றார். நான் சரி என்றேன். ஆடி முடிய இரண்டு மாதம் இருந்தது.

அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு அந்தச் செவ்வாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இருபத்தேழு வருடம் என் தலையில் உட்கார்ந்திருக்கிற ஒன்றின் மூஞ்சியையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா என்ற எரிச்சல். சாயங்காலம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவ வெளியே வரும்போது தெற்கே பார்ப்பேன். தொழிற்சாலைக் கூரைக்கு மேலே உயரத்தில் சிவப்பாக ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. சிவப்பென்றால் செவ்வாய்தானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அதை நிமிர்ந்து பார்த்து, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவேன். அது கேட்டை நட்சத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் எனக்கும் ஒரு பகையும் கிடையாது, பாவம்.

உண்மையான செவ்வாயை எனக்குக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ரேடியோ. எங்கள் லைனில் பன்னிரண்டு வீடு, ரேடியோ இரண்டு. செய்தி நேரத்தில் சத்தமாக வைப்பார்கள், எல்லாரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். ஆடி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், செய்தியின் கடைசியில், செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகே வந்துகொண்டிருக்கிறது, வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், பொழுது சாய்ந்த பிறகு கிழக்கே எழும்பும், மற்ற நட்சத்திரங்களைப் போல மினுக்காது என்று சொன்னார்கள். எதற்காக வருகிறது, வந்து என்ன செய்யும், திரும்பிப் போகுமா என்றெல்லாம் சொன்னார்களோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் லைனில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிவிட்டன.

"ஒன்னப் பாக்கத்தான் வருதாம்லா" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவள்தான். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு எல்லாரும் போன பின்பு கதவைத் திறந்து பார்த்தேன்.

கிழக்கே இருக்கும் மலை எங்கள் லைனுக்கு மிகப் பக்கம். எதுவும் அதைத் தாண்டி வர நேரம் பிடிக்கும். எட்டரை மணி வாக்கில் அது வந்தது. எனக்கு ரேடியோ சொன்ன அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. மலைமேல் யாரோ ஒரு தணலைக் கொண்டுவந்து வைத்தது மாதிரி, மினுக்கல் இல்லாமல், நிலைத்து நின்றது. அத்தனை நாள் நான் திட்டிய கேட்டை இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதன் பிறகு ஒரு நாள் தவறாமல் பார்த்தேன். எங்கள் ஊரில் வானம் நினைத்தபோதெல்லாம் தெரியாது. பனி இறங்கும், மூடும், அரை மணி கழித்துக் கிழியும். கிழியும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். லேசான பனி இருக்கும் நாளில் செவ்வாயைச் சுற்றிச் சிவப்புப் பரவி அது இன்னும் பெரிதாகத் தெரியும். பனியால்தான் அப்படித் தெரிகிறது என்று மூளைக்குத் தெரிந்தது. மூளை சொல்வதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

அதன் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் ஒன்று இருந்தது. கதவுச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலால் இரண்டுக்கும் நடுவே அளந்து பார்ப்பேன். முதலில் அரை விரல் இடைவெளி. பத்து நாளில் ஒன்றரை விரல். ஆடி மூன்றாம் வாரத்தில் இரண்டைத் தாண்டிவிட்டது. சின்னது அங்கேயே நின்றது, சிவப்புதான் அதை விட்டு நகர்ந்தது. எங்கள் வீட்டுப் பக்கமாக நகர்ந்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதாகவும் ஆனது. செவ்வாய் சில காலம் அப்படிப் பின்னோக்கிப் போவதாகத் தெரியும், பிறகு திரும்பிவிடும், அதற்கு வக்கிரம் என்று பெயர், எல்லாக் காலத்திலும் நடப்பதுதான் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. யாரையும் நான் கேட்கவும் இல்லை. ஒரு விரலை வைத்து அளந்து, அது என்னை நோக்கி வருகிறது என்று நானே கண்டுபிடித்தேன்.

பயம் முற்றிப்போய், தாப்பாவில் என் ஜாதகத்தை எழுதிய ஜோசியரிடமே போனேன். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லி மாமாவையும் கூட்டிப் போனேன். மாமா அம்மாவின் தம்பி. நான் பிறக்கும் முன்பே அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப் போய்விட்டான், அவர் திரும்பவில்லை. அதனால் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் மாமாதான் செய்தார். நான் பிறந்தபோது ஆபிஸில் போய் நேரம் எழுதி வாங்கிவந்ததும் அவர்தான், பன்னிரண்டு வருடம் கழித்து அந்தச் சீட்டை ஜோசியரிடம் கொண்டுபோனதும் அவர்தான். ஐப்பசி மாதம், காலை ஆறு மணி என்று அதில் இருந்தது.

ஜோசியர் கட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு ஒன்னேகால் மணி நேரம் முன்னாடி பொறந்திருந்தா தப்பிச்சிருப்பம்மா. லக்னம் துலாத்துலேந்து கன்னிக்குப் போயிருக்கும். செவ்வா எட்டுலேந்து ஒம்போதுக்குப் போயிருக்கும். ஒம்போது பாக்கிய ஸ்தானம்."

ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் திரும்பி வரும்போது நூறு வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். நெசமாவே ஆறு மணியா என்று கேட்டேன்.

"ஆறுதான். தண்டவாளத் துண்டுல மணி அடிப்பாங்கல்ல, ஆறு அடிச்சுச்சு. வலியிலயும் எண்ணுனேன். அடிச்சு முடிக்கவும் நீ அழுகவும் சரியா இருந்துச்சு" என்றார் அம்மா. பிறகு, அவர் பாட்டுக்கு நினைவு வந்தவராகச் சொன்னார். "வெளிய கும்மிருட்டு. ஒன்னக் குளிப்பாட்டி என் பக்கத்துல போட்டாங்க. அதுக்கப்பறந்தான் வெடிவெள்ளி மலைக்கு மேல ஏறுச்சு. தொறந்த கதவு வழியா பாத்துக்கிட்டே கெடந்தேன்."

எனக்கு ஏதோ இடித்தது. மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறு மணிக்குக் கிழக்கு வெளுத்துவிட்டிருந்தது. முகம் தெரியாவிட்டாலும் ஆள் தெரிந்தது. ஆறு மணிக்குக் கும்மிருட்டு எப்படி? மாமாவிடம் போய்க் கேட்டேன்.

"ஐப்பசில மழையும் பனியுமா இருந்திருக்கும், இருட்டாத்தான் தெரியும்" என்றார் மாமா. "வலியில கெடந்தவளுக்கு என்னா தெரியும்? ஆபிஸ் மணி பொய் சொல்லுமா?"

நானும் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. பனி மூடிய விடியலில் விடிவெள்ளி எப்படித் தெரியும்? பனி கிழிவதற்காக ஒரு மாதமாக வாசலில் தவம் கிடந்தவள் நான். பனி இருந்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது என்பது அந்தத் தோட்டத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் மாமா சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். ஆபிஸ் மணி என்றால் அது துரை வைத்த மணி. அம்மா கண்ணால் பார்த்தது அம்மா பார்த்ததுதானே.

ஆவணி பிறந்தது. லோரிக்காரர் நாள் சொல்லி அனுப்பினார். நான் இரண்டு சேலையை ஒரு பழைய மாவுப் பையில் சுருட்டி, விறகுக்குப் பின்னால் வைத்தேன். அன்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தேன். அம்மா தூங்கினார், அல்லது தூங்குவதாகக் காட்டினார். பையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

ரிங்லெட்டுக்குப் போகும் சடக்கு எங்கள் லைனுக்கு மேற்கே இறங்குகிறது. சாயங்காலம் கிழக்கே வருவது விடியும்முன் மேற்கே இறங்கும் என்ற சின்ன விஷயத்தை நான் யோசித்திருக்கவில்லை. அன்று பனியே இல்லை. நான் நடந்து போக வேண்டிய பாதைக்கு நேர் மேலே, மலையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, அது நின்றது. அத்தனை சிவப்பாக அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் போய் ரிங்லெட்டில் அவர் பக்கத்தில் நிற்கப் போகிறது என்றே நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, தெரிந்தது எனக்கு. அவருடைய அம்மாவின் கும்பிட்ட கை தெரிந்தது. லோரி பள்ளத்தில் கிடப்பது தெரிந்தது.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அது மலைக்குப் பின்னால் இறங்கியது. அப்போதாவது போயிருக்கலாம், ஓடியிருந்தால் இரண்டாவது பஸ்ஸையாவது பிடித்திருக்கலாம். நான் பையை விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, பெரட்டுக்குப் போனேன். அன்று நான் பறித்த கொழுந்தில் முற்றிய இலை கலந்திருக்கிறது என்று கங்காணி திட்டினார்.

ரிங்லெட்டில் அவர் மூன்று பஸ்ஸை விட்டாராம். மறுநாள் நிறுவைக் கொட்டகைக்கு வந்து சாக்குகளை ஏற்றினார். லோரியின் முன்மூடியைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

தையில் எனக்குக் கல்யாணம் ஆனது. வேறொரு தோட்டத்துக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். அவருக்கும் செவ்வாய் தோஷம், முதல் மனைவி செத்துப்போனதே அதனால்தான் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். பொருத்தம் பிரமாதம் என்றார் ஜோசியர். கணவர் அடிக்கமாட்டார். சம்பள நாளில் குடிப்பார், மற்ற நாளில் பேசமாட்டார். பத்து வருடத்தில் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு சாயங்காலத்துக்குக் காணாது. வயிற்றில் இரண்டு முறை வந்தது, இரண்டும் தங்கவில்லை. வீடு, மலை, வீடு. சில நாள் கொழுந்துக் கூடையோடு சரிவின் விளிம்பில் நின்று, கீழே பார்த்தபடி, இன்னும் எத்தனை வருடம் என்று யோசிப்பேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்றே ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பிரிஞ்சாங் போவேன். அங்கிருந்து நடந்து கியா பார்ம். சடக்கோரமாக வரிசையாய்க் காய்கறிக் கடைகள். அதில் ஒன்று அந்த லோரிக்காரருடையது. லெம்பா பெர்த்தாமில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் போட்டார், இங்கே கடை வைத்திருந்தார். கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள். நான் எதிர்ப்பக்கமாக நடந்து போவேன். அவர் முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருப்பார், இல்லை யாருக்காவது ஸ்ட்ராபெரி நிறுத்துக்கொண்டிருப்பார். ஒரு முறை பார்ப்பேன். உயிரோடு இருக்கிறார். நான் வராததால்தான் உயிரோடு இருக்கிறார். அந்த மனிதர் விடுகிற மூச்சு ஒவ்வொன்றும் நான் கொடுத்தது. இதை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தால் அடுத்த மாதம்வரை ஓட்டிவிடுவேன். பெரிய திமிர்தான் அது. எனக்கு வேறு சொத்து இல்லை.

எண்பத்திரண்டாம் வருடம் பிறந்தபோது நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். புது வருட நாள் லீவு என்பதால் அம்மாவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் கணவர் முக்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தால் பெரட்டுக்கு இருட்டிலேயே போக வேண்டியிருக்கும் என்று யாரோ வெளியே அலுத்துக்கொண்டார்கள். மாமா சிரித்தார்.

"இதுக்கேவா? ஜப்பான்காரன் வந்தப்ப ஒன்ற மணி நேரம் தள்ளி வெச்சான்லா. அவன் ஊரு நேரந்தான் இங்கயும். ஆபிஸ் மணி ஆறு அடிக்கும், வெளிய பாத்தா நடுச்சாமம் மாரி கெடக்கும். எட்டு மணிக்கு மேலதான் சூரியனே வரும்."

என் கையில் இருந்த கோப்பி ஜாடியைக் கீழே வைத்தேன். நான் பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில். அது எல்லாருக்கும் தெரியும். மணியைத் தள்ளி வைத்ததும் தோட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த ஆறு மணி நம்முடைய நாலரை மணி. ஒன்றேகால் மணி நேரம் கேட்டார் ஜோசியர். எனக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். துலாம் இல்லை, கன்னி. எட்டு இல்லை, ஒன்பது.

"மாமா, நான் பொறந்தப்ப ஆபிஸ்ல எந்த மணி?" என்று கேட்டேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"எனக்கு ஞாபகமே வரலம்மா. நீ அன்னிக்கு நேரா இதக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அவர் பேசவில்லை.

"நாந்தான் சொன்னேனே, இருட்டா இருந்துச்சுன்னு. வெடிவெள்ளி பொறவுதான் வந்துச்சுன்னு. யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வானத்தை அளக்கத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. என்னைப் பெற்றவர் வானத்தைப் பார்த்துச் சொன்ன நேரத்தை நான் மதிக்கவில்லை.

முக்காலியில் நின்றிருந்த என் கணவர் கடிகாரத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அப்ப ஒனக்குத் தோஷம் இல்லயா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். தோஷம் இருக்கிறவன் இல்லாதவளைக் கட்டினால் சாவது அவள்தான். அவருடைய முதல் மனைவி மாதிரி. அவர் கீழே இறங்கி வந்து, எல்லார் முன்னாலும், "ஒனக்கு ஒன்னும் ஆவாதுல்ல?" என்று கேட்டார். பத்து வருடத்தில் எனக்காக அவர் பட்ட முதல் கவலை அது. அவர் மீது கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

ஜனவரியும் பிப்ரவரியும் நான் கியா பார்ம் போகவில்லை. போய் என்ன பார்ப்பது? அவர் உயிரோடு இருப்பார். நான் அன்று பஸ் ஏறியிருந்தாலும் இருந்திருப்பார். அவருடைய மூச்சு அவருடையது. பத்து வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் காற்று. சரிவின் விளிம்பில் நிற்கும்போது இப்போது நினைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த இரண்டு மாதம் நான் எப்படிப் பிழைத்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பங்குனியில் போனேன். இந்த முறை எதிர்ப்பக்கமாக நடக்கவில்லை. நேராகக் கடைக்குள் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. மாதாமாதம் எதிரே போகிறவளை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

"பீன்ஸ் அரைக் கிலோ" என்றேன். அவர் அள்ளித் தராசில் போட்டார்.

"நான் பொறந்தது நாலரை மணிக்கு" என்றேன். "ஜப்பான்காரன் மணியில ஆறு. நம்ம மணியில நாலரை. எனக்குச் செவ்வா தோஷமே இல்ல."

இதைச் சொன்னால் அவர் உடைந்துபோவார், அல்லது நான் உடைந்துபோவேன் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு முற்றிய பீன்ஸைப் பொறுக்கி எடுத்துப்போட்டுவிட்டு வேறொன்றை வைத்தார்.

"ஒன் ஜாதகத்த நான் எப்பக் கேட்டேன்?" என்றார். "வந்து பஸ்ல ஏறுன்னுதானே சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை. காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த யாரோ ஸ்ட்ராபெரி கேட்டார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

பிரிஞ்சாங் வந்து பஸ்ஸுக்கு நின்றபோது இருட்டிவிட்டது. அன்று பனி இல்லை. கிழக்கே மூன்று ஏறி நின்றன, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மேலே சிவப்பாகச் செவ்வாய். நடுவில் மங்கலாகச் சனி. கீழே, இப்போதுதான் மலையைத் தாண்டிய வியாழன். மூன்றும் மினுக்காமல் நின்றன. ரேடியோவில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சடக்கில் யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கையை நீட்டிக் கட்டைவிரலால் அளக்கப் போனேன். கையில் பீன்ஸ் பொட்டலம் இருந்தது. அளக்கவில்லை.

கடைசி பஸ் வந்தது. அதில் ஏறிக்கொண்டேன்.